சமூகப்பணி எப்படித் தொழிலானது? திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

நான் சமூகப்பணித் துறையில் இருக்கிறேன் என்று சொன்னதும் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு மரியாதை தெரியும். கூடவே ஒரு சந்தேகமும் எட்டிப் பார்க்கும். "நல்ல விஷயம்தான், ஆனா இதைப் போய் படிக்கணுமா?" மாணவர்கள், சொந்தக்காரர்கள், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் என்று ஆட்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன். பெரும்பாலான குழப்பங்களுக்கு இந்தத் தொழிலின் வரலாறு தெரியாததுதான் காரணம் என்பது என் எண்ணம். அதனால் பதில்களும் வரலாறாகவே இருக்கும்.

சமூகப்பணி, சமூக சேவை ரெண்டும் ஒண்ணுதானே? நல்ல மனசு இருந்தா போதாதா?

நல்ல மனசு வேண்டும், ஆனால் அது போதாது. சேவை செய்பவர் மனம் வந்தால் செய்வார், முடியாதபோது விட்டுவிடுவார். யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது. சமூகப்பணியாளர் ஒரு வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு "இந்தக் குழந்தை இந்த வீட்டிலேயே இருக்கலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், அந்த ஒரு வரிக்கு அவர் பொறுப்பாளி. ஏன் அப்படி எழுதினாய் என்று மேலதிகாரி கேட்கலாம், நீதிமன்றம் கேட்கலாம், இருபது வருஷம் கழித்து அந்தக் குழந்தையே வந்து கேட்கலாம்.

தமிழில் இன்னொரு சிக்கல் உண்டு. கடை வைத்தாலும் தொழில், மருத்துவம் பார்த்தாலும் தொழில். இந்தப் பக்கத்தில் 'தொழில்' என்று எழுதும் இடமெல்லாம் மருத்துவம், வழக்கறிஞர் பணி மாதிரியானதைத்தான் சொல்கிறேன். அதாவது தனிப் படிப்பு, தனி நெறிமுறை, தவறினால் கேட்க ஒரு அமைப்பு, இந்த மூன்றும் உள்ளது.

சரி, எந்த வருஷம் ஆரம்பிச்சது? பரீட்சையில ஒரு மார்க் கேள்வி, ஒரே ஒரு வருஷம் சொல்லுங்க.

ஒரே வருஷம் என்று ஒன்று இல்லை என்பதுதான் சங்கடம். லண்டனில் தர்ம காரியங்களை ஒழுங்குபடுத்த ஒரு சங்கம் எழுந்தது 1869-ல். படித்தவர்கள் ஏழைகளின் பேட்டையிலேயே போய்க் குடியேறியது 1884-ல். நியூயார்க்கில் ஆறு வாரக் கோடைக்காலப் பயிற்சி வகுப்பு நடந்தது 1898-ல். தொழிலின் முறையை விளக்கும் முதல் பெரிய நூல் வந்தது 1917-ல். யார் பாடப்புத்தகம் எழுதுகிறார்களோ அவர்களுக்குப் பிடித்தது 'ஆரம்பம்' ஆகிவிடுகிறது.

என்னைக் கட்டாயப்படுத்தினால் 1898 என்பேன். உதவி செய்வது கற்றுக்கொள்ள வேண்டிய வேலை என்று ஒரு வகுப்பறையே ஒத்துக்கொண்ட வருஷம் அது. ஆனால் பரீட்சைக்கு உங்கள் பாடப்புத்தகம் என்ன சொல்கிறதோ அதையே எழுதுங்கள்.

அதுக்கு முன்னாடி ஏழைகளுக்கு யாரும் எதுவுமே செய்யலையா?

நிறையவே செய்தார்கள். எல்லா மதங்களிலும் தர்மம் உண்டு, எல்லா நாடுகளிலும் சத்திரம் மாதிரி ஏதோ ஒன்று உண்டு. ஆனால் இந்தத் தொழிலின் நேரடி முன்னோர் என்று பார்த்தால் இங்கிலாந்தின் 1601 ஏழையர் சட்டத்தைத்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு திருச்சபை வட்டாரமும் தன் ஏழைகளைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்கு வரி வசூலிக்கலாம், அதைக் கவனிக்க ஆட்களை நியமிக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். உழைக்க முடியாதவர், முடிந்தும் வேலை இல்லாதவர், பிள்ளைகள் என்று ஏழைகளை வகை பிரித்ததும் அதுதான்.

1834-ல் வந்த திருத்தம் கெடுபிடியானது. உடம்பில் தெம்பு இருப்பவருக்கு உதவி வேண்டுமென்றால் 'வொர்க்ஹவுஸ்' என்ற விடுதிக்குள் வர வேண்டும். உள்ளே கிடைக்கும் வாழ்க்கை, வெளியே மிகக் குறைந்த கூலி வாங்குபவனின் வாழ்க்கையைவிடக் கீழாகத்தான் இருக்க வேண்டும் என்பது கொள்கை. கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் வேறொரு பக்கம். உதவி கேட்கவே பயப்பட வேண்டும் என்பதுதான் திட்டம்.

வேறு வழியில் யோசித்தவர்களும் இருந்தார்கள். கிளாஸ்கோவில் தாமஸ் சால்மர்ஸ் என்ற பாதிரியார் 1819-லிருந்து தன் வட்டாரத்தை 25 துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் வீடு வீடாகத் தெரிந்துவைத்திருக்கும் ஒருவரிடம் ஒப்படைத்தார். ஜெர்மனியின் எல்பர்ஃபெல்ட் நகரத்தில் 1853-ல் வந்த ஏற்பாட்டின்படி ஒரு தன்னார்வலர் நாலு குடும்பங்களுக்கு மேல் பார்க்கக் கூடாது. இன்றைக்கு ஐம்பது அறுபது கோப்புகளோடு மல்லுக்கட்டும் எந்தச் சமூகப்பணியாளருக்கும் அந்த 'நாலு' கனவாகத்தான் தெரியும்.

தர்மத்தை 'ஒருங்கிணைக்க' எதுக்குத் தனியா ஒரு சங்கம்? சாரிட்டி ஆர்கனைசேஷன் சொசைட்டி என்னதான் பண்ணுச்சு?

1860-களின் லண்டனில் தர்ம ஸ்தாபனங்கள் ஏராளம். ஆனால் ஒருவர் செய்வது இன்னொருவருக்குத் தெரியாது. ஒரே குடும்பம் மூன்று இடத்தில் வாங்கும், பக்கத்து வீட்டில் பட்டினி கிடக்கும். 1869-ல் உருவான இந்தச் சங்கம் அதை ஒழுங்கு செய்யப் புறப்பட்டது. மனு வந்ததும் ஒருவர் வீட்டுக்குப் போவார். வருமானம், வாடகை, கடன், குடிப்பழக்கம் எல்லாம் விசாரிப்பார். முதலாளியிடமும் வீட்டுக்காரரிடமும் சொந்தக்காரர்களிடமும் கேட்பார். எல்லாம் எழுதப்பட்டுக் குழுவின் முன்னால் வைக்கப்படும், குழு முடிவு சொல்லும். 1877-ல் இதே ஏற்பாடு அமெரிக்காவின் பஃபலோ நகரத்துக்குப் போய், அங்கிருந்து நகரம் நகரமாகப் பரவியது. வீட்டுக்குப் போகிறவர்களுக்கு 'நட்போடு வருபவர்' என்று பொருள்படும் பட்டம். போனவர்களில் பெரும்பாலோர் வசதியான வீட்டுப் பெண்கள்.

'பாத்திரம் அறிந்து பிச்சையிடு' என்று நாம் சொல்வோம் இல்லையா, அந்தப் பழமொழிக்கு அலுவலகம் திறந்த மாதிரி இருந்தது இந்தச் சங்கம். தகுதியுள்ள ஏழை, தகுதியில்லாத ஏழை என்று பிரித்தார்கள். வறுமைக்குக் காரணம் பெரும்பாலும் குணக்கேடு என்று நம்பினார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச உணவு, முதியவர்களுக்கு அரசு ஓய்வூதியம் இரண்டையும் எதிர்த்தார்கள். இதையெல்லாம் படிக்கும்போது எரிச்சல்தான் வருகிறது. ஆனாலும் நேரில் போய்ப் பார், விசாரி, எழுது, ஒருவராக முடிவெடுக்காதே என்ற நான்கையும் பழக்கமாக்கியவர்கள் இவர்கள்தான். இன்றைக்கு எந்த அலுவலகத்தில் கோப்பைத் திறந்தாலும் அதன் எலும்புக்கூடு இவர்கள் கட்டியது.

டாய்ன்பி ஹால், ஹல் ஹவுஸ் இதெல்லாம் ஆசிரமம் மாதிரியா?

ஆசிரமத்துக்கு நாம் தேடிப் போக வேண்டும். இவர்கள் தேடி வந்து பக்கத்து வீட்டுக்காரர் ஆனார்கள். சாமுவேல் பார்னெட், ஹென்ரியெட்டா பார்னெட் தம்பதி 1884-ல் கிழக்கு லண்டனின் வைட்சேப்பலில் டாய்ன்பி ஹாலைத் தொடங்கினார்கள். பல்கலைக்கழக இளைஞர்கள் அங்கே தங்கி, பகலில் தங்கள் வேலைக்குப் போய், மாலையில் அக்கம்பக்கத்தாரோடு வகுப்பு, விவாதம் என்று இருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த ஜேன் ஆடம்ஸ், தோழி எலன் கேட்ஸ் ஸ்டாரோடு சேர்ந்து 1889-ல் சிகாகோவில் ஹல் ஹவுஸைத் திறந்தார். இந்த மாதிரி இடங்களுக்கு 'செட்டில்மென்ட்' என்று பெயர்.

ஹல் ஹவுஸ் எப்படிப்பட்டது என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் குப்பை. சுற்றிலும் புலம்பெயர்ந்து வந்தவர்களின் நெரிசல், தெருவெல்லாம் குப்பை, நகராட்சியிடம் சொல்லியும் பலனில்லை. கடைசியில் 1895-ல் ஜேன் ஆடம்ஸே அந்த வட்டாரத்தின் குப்பை ஆய்வாளராக நியமனம் பெற்றார். அதிகாலையில் எழுந்து குப்பை வண்டிகளின் பின்னாலேயே போனார். ஒரு குறுகலான சந்தில் வாரிக்கொண்டே போனால், பதினெட்டு அங்குலத்துக்குக் கீழே கல் பாவிய சாலை தெரிந்தது. அப்படி ஒரு சாலை அங்கே இருந்ததே பலருக்குத் தெரியாது!

அதே வருஷம் ஹல் ஹவுஸ்காரர்கள் சுற்றுவட்டாரத்து வீடுகளைக் கணக்கெடுத்து, யார் எந்த நாட்டவர், வாரக்கூலி எவ்வளவு என்று வண்ணம் தீட்டிய வரைபடங்களாக வெளியிட்டார்கள். ஒரு குடும்பத்தின் கதை, வரைபடத்தில் ஒரு தெருவின் கதையாகிவிடுகிறது. 1899-ல் சிகாகோவில் அமெரிக்காவின் முதல் சிறார் நீதிமன்றம் வந்ததில் இந்த வீட்டுப் பெண்களின் பங்கு பெரிது. அவர்களில் ஒருவரான ஜூலியா லேத்ரப் 1912-ல் அமெரிக்க அரசின் குழந்தைகள் நலத் துறைக்குத் தலைவரானார்.

இந்த ரெண்டு கோஷ்டிக்கும் ஆகவே ஆகாதுன்னு எங்க சார் சொன்னாரு. நிஜமா?

முக்கால்வாசி நிஜம். சங்கத்தார் கேட்டது "இந்த ஆளுக்கு என்ன ஆச்சு?" என்று. செட்டில்மென்ட்காரர்கள் கேட்டது "இந்தத் தெருவுக்கு என்ன ஆச்சு?" என்று. முன்னவர்களுக்குப் பின்னவர்கள் ஆதாரமில்லாமல் கோஷம் போடுபவர்கள். பின்னவர்களுக்கு முன்னவர்கள் ஏழையின் பானையைத் திறந்து பார்ப்பவர்கள். ஆனால் மாநாடுகளில் இரு தரப்பும் ஒரே மேடையில் உட்கார்ந்தார்கள், இங்கே இருந்தவர்கள் அங்கே போனதும் உண்டு.

இந்தச் சண்டை முடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேலையிழந்து குடிக்கு அடிமையான ஒருவர் எதிரே வந்து உட்காரும்போது, அவரைப் பார்ப்பதா, அவர் வேலை பார்த்த ஆலை மூடியதைப் பார்ப்பதா என்ற கேள்வி இன்றைக்கும் வருகிறது. இரண்டையும் பார்க்க வேண்டும் என்று பாடப்புத்தகம் சொல்லும். பிற்பகல் மூன்று மணிக்கு, வரிசையில் இன்னும் ஆறு பேர் இருக்கும்போது, எதையாவது ஒன்றைத்தான் பார்க்க முடிகிறது.

மேரி ரிச்மண்ட் பேரு எல்லா நோட்ஸ்லயும் வருது. அப்படி என்ன சாதிச்சாங்க?

கல்லூரி வாசலை மிதிக்காத பெண் அவர். 1889-ல் பால்டிமோர் நகரத்துத் தர்மச் சங்கத்தில் உதவிப் பொருளாளராகச் சேர்ந்தார். கணக்குப் பார்க்க வந்தவர் வீடுகளுக்குப் போக ஆரம்பித்தார், மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். 1897-ல் டொராண்டோ மாநாட்டில், இந்த வேலைக்கு முறையான பயிற்சிப் பள்ளி வேண்டும் என்று பேசினார். அடுத்த வருஷமே நியூயார்க்கில் அந்தக் கோடை வகுப்பு தொடங்கியது.

1917-ல் வந்த அவருடைய 'சோஷியல் டயக்னோசிஸ்' ஐந்நூறு பக்கத்துக்கு மேல் உள்ள புத்தகம். அதில் கருணை பற்றிய பிரசங்கமே கிடையாது. ஒரு தகவலைச் சாட்சி என்று எப்போது எடுத்துக்கொள்ளலாம்? பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதற்கும் பள்ளிக்கூடப் பதிவேட்டில் இருப்பதற்கும் எவ்வளவு எடை? முதல் சந்திப்பில் எதைக் கேட்கக் கூடாது? இப்படிப் போகிறது. கைவிடப்பட்ட மனைவி, கவனிப்பில்லாத குழந்தை, புலம்பெயர்ந்த குடும்பம் என்று ஒவ்வொரு நிலைமைக்கும் தனித்தனிக் கேள்விப் பட்டியல்கள் உண்டு. குணத்தை எடைபோட்டுக்கொண்டிருந்த வேலையை, ஆதாரத்தை எடைபோடும் வேலையாக மாற்றினார். அதுதான் சாதனை.

உலகத்தின் முதல் சமூகப்பணிக் கல்லூரி நியூயார்க்கா, ஆம்ஸ்டர்டாமா?

இரண்டு ஊர்க்காரர்களும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். நியூயார்க்கின் 1898 வகுப்பு ஆறு வாரம்தான். 1904-ல்தான் அது முழு வருஷப் படிப்பாகி, பிற்பாடு கொலம்பியா பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. ஆம்ஸ்டர்டாமில் 1899-ல் தொடங்கியதோ முதலிலிருந்தே இரண்டு வருஷப் படிப்பு. 'வகுப்பு' என்று கேட்டால் நியூயார்க், 'பள்ளி' என்று கேட்டால் ஆம்ஸ்டர்டாம்.

1915-ல ஒருத்தர் மேடையேறி 'இது தொழிலே இல்லை'ன்னு சொல்லிட்டாராமே?

ஆமாம், அதுவும் இவர்கள் கூப்பிட்ட மேடையிலேயே. ஆப்ரஹாம் ஃபிளெக்ஸ்னர் என்பவர் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளைச் சுற்றிப் பார்த்து 1910-ல் ஒரு அறிக்கை கொடுத்தார். அதன்பின் தரமில்லாத கல்லூரிகள் பல மூடப்பட்டன. அப்படிப்பட்டவர் வாயால் நல்ல சான்றிதழ் கிடைக்கும் என்ற ஆசையில் பால்டிமோர் மாநாட்டுக்கு அழைத்தார்கள். அவரோ, ஒரு தொழிலுக்கு வேண்டிய இலக்கணங்களை வரிசையாகச் சொல்லிவிட்டு, சமூகப்பணி இன்னும் அதில் சேராது என்றார்.

அவர் சொன்ன காரணம் இதுதான். நோய் என்றால் மருத்துவரிடம் அனுப்புகிறீர்கள், வழக்கு என்றால் வக்கீலிடம் அனுப்புகிறீர்கள். நடுவில் நின்று இணைத்துவைக்கிறீர்களே தவிர, உங்களுக்கே உங்களுக்கென்று ஒரு முறையும் இல்லை, எல்லையும் இல்லை. இந்தத் துறை பற்றித் தனக்கு அதிகம் தெரியாது என்றும் அதே பேச்சில் ஒத்துக்கொண்டார். பட்டத்தைவிடப் பணியின் உணர்வுதான் முக்கியம் என்றும் முடித்தார். இந்த இரண்டையும் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. 'தொழில் இல்லை' என்பது மட்டும் முள் மாதிரி தங்கிவிட்டது.

என்னைக் கேட்டால் அவர் கண்ணில் பட்டது சரி, தீர்ப்புதான் தப்பு. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் மூன்றும் ஒரே குடும்பத்தை மூன்று துண்டாகப் பார்க்கும்போது, சேர்த்துப் பார்க்க ஒருவர் வேண்டும். அந்த நடுவில் நிற்பதே ஒரு திறமை. அதை முறையாக எழுதிக் காட்டியது, இரண்டே வருஷத்தில் வந்த, மேலே சொன்ன ரிச்மண்டின் புத்தகம்.

மருத்துவமனைக்குள்ள சமூகப்பணியாளர் எப்படி வந்தாங்க? டாக்டர்களுக்கு இவங்க எதுக்கு?

வந்த காரணம் கொஞ்சம் வேடிக்கையானது. லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் 1895-ல் மேரி ஸ்டீவர்ட் என்பவரைச் சோதனையாக மூன்று மாதத்துக்கு நியமித்தார்கள். காசு கொடுக்க முடிந்தவர்களும் இலவச சிகிச்சை வாங்கிக்கொண்டு போகிறார்களா என்று கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை. அனுப்பியது நாலாவது கேள்வியில் பார்த்த அதே தர்மச் சங்கம். உட்கார்ந்து பேசிப் பார்த்தால், ஏமாற்றுபவர்கள் சொற்பம். மருந்து வாங்கிக்கொண்டு போய்ச் சாப்பாடில்லாமல் திரும்பி வருபவர்கள்தான் அதிகம். காவல்காரராக வந்தவர் துணைக்காரரானார்.

அமெரிக்காவில் 1905-ல் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ரிச்சர்ட் கேபட் என்ற மருத்துவர் தானே முயன்று இந்த வேலையைத் தொடங்கினார். ஓய்வெடுங்கள் என்று எழுதிக்கொடுக்கிறோம், அந்த அம்மா வீட்டில் ஓய்வெடுக்க முடியுமா என்று யார் பார்த்தது என்பது அவர் கேள்வி. மறு வருஷம் சேர்ந்த ஐடா கேனன் அதைப் பல பத்தாண்டுகள் கட்டி வளர்த்தார்.

நடுவுல எல்லாரும் ஃபிராய்ட் பின்னாடி ஓடினாங்களாமே, அது ஏன்?

ஃபிராய்ட் என்பவர் மனசின் ஆழத்தில் காரணம் தேடும் உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய மருத்துவர். அவர் பின்னால் ஓடக் காரணம் முதல் உலகப்போர். குண்டு படாமலேயே நிலைகுலைந்து திரும்பிய வீரர்களைப் பார்க்க ஆட்கள் தேவைப்பட்டார்கள். 1918-ல் அமெரிக்காவின் ஸ்மித் கல்லூரி இதற்கென்றே மனநலச் சமூகப்பணிப் பயிற்சி தொடங்கியது. இதில் ஒரு கௌரவமும் கிடைத்தது. மனசு எல்லோருக்கும் உண்டு, எனவே ஏழை வீட்டுக்கு மட்டும் போகிற வேலை என்ற முத்திரை விலகியது. ஃபிளெக்ஸ்னர் கேட்ட 'தனி முறை'யும் கிடைத்த மாதிரி இருந்தது.

அப்புறம் இதற்குள்ளேயே இரண்டு முகாம். ஆளின் கடந்த காலத்தைத் தோண்டிக் காரணம் கண்டுபிடி என்றது நியூயார்க் பக்கம். உளப்பகுப்பாய்வாளர் ஓட்டோ ராங்கின் கருத்துகளைப் பின்பற்றி, இந்த அலுவலகத்தால் என்ன முடியும், எத்தனை நாளுக்குள் முடியும் என்ற வரம்புக்குள் அவரே முடிவெடுக்கட்டும் என்றது பென்சில்வேனியா பக்கம். பேச்சுவார்த்தையே இல்லாத அளவுக்குப் பகை. 1957-ல் ஹெலன் ஹாரிஸ் பெர்ல்மன் பிரச்சினை தீர்க்கும் முறை என்று நடுவழி ஒன்றைச் சொன்ன பிறகுதான் சூடு தணிந்தது.

இது ஏன் பொம்பளைங்க வேலையாவே இருந்துச்சு?

வேறு கதவுகள் மூடியிருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் படித்து முடித்த பெண்களுக்கு நீதிமன்றமும் பல்கலைக்கழகமும் வழிவிடவில்லை. பக்கத்துத் தெருவின் பசியைக் கவனிப்பது மட்டும் 'பெண்ணுக்கு ஏற்ற' காரியமாகப் பட்டது. அந்தச் சின்னக் கதவு வழியாக உள்ளே போனவர்கள் சட்டங்களை மாற்றிவிட்டு வந்தார்கள். பெர்லினில் ஆலிஸ் சாலமன், ஆணுக்கும் பெண்ணுக்கும் கூலி ஏன் சமமாக இல்லை என்று ஆராய்ந்து 1906-ல் முனைவர் பட்டம் வாங்கினார். 1908-ல் பெண்களுக்கான சமூகப்பணிப் பள்ளியைத் திறந்தார்.

இதற்கு விலையும் உண்டு. பெண்கள் செய்வது, புண்ணியமானது என்ற இரண்டு பெயரும் சேர்ந்தால் சம்பளம் ஏறாது. அது இன்றுவரை தொடர்கிறது.

அரசாங்க வேலையா எப்போ மாறுச்சு?

அமெரிக்காவில் 1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தில். தர்மச் சங்கங்களின் பெட்டிகள் காலியான பிறகு 1933-ல் மத்திய அரசு நிவாரணத்தில் இறங்கியது. அதை நடத்திய ஹாரி ஹாப்கின்ஸ் சமூகப்பணியிலிருந்து வந்தவர். ஹல் ஹவுஸில் தொண்டு செய்த ஃபிரான்சஸ் பெர்கின்ஸ் தொழிலாளர் துறைச் செயலராக, 1935 சமூகப் பாதுகாப்புச் சட்டத்துக்குத் தோள் கொடுத்தார். வறுமைக்குக் குணக்கேடுதான் காரணம் என்ற பழைய வாதமும் அத்தோடு பல்லிளித்தது. நேற்றுவரை நன்கொடை கொடுத்தவரே இன்று வரிசையில் நின்றார்! இங்கிலாந்தில் நலப்பணிகளை ஆராய அரசு அமைத்த சீபோம் குழுவின் 1968 அறிக்கைக்குப் பின், 1970 சட்டம் சிதறிக் கிடந்த நலப்பணிகளை உள்ளாட்சியின் ஒரே துறைக்குள் கொண்டுவந்தது.

அரசோடு சேர்ந்தால் அரசியலும் கூட வரும். சார்லட் டவுல் என்ற பேராசிரியர் மனிதருக்குப் பொதுவான தேவைகள் பற்றி நிவாரண ஊழியர்களுக்காக எழுதிய கையேட்டை 1945-ல் அமெரிக்க அரசே அச்சிட்டது. அதில் வந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இது சோஷலிசம் என்று கூச்சல் கிளம்ப, 1951-ல் அதே அரசு மிச்சப் பிரதிகளை அழிக்கச் சொன்னது. சமூகப்பணியாளர்களின் சங்கம் அதை மறுபடி அச்சிட்டது.

இது முழுக்க வெள்ளைக்காரன் சரக்குதானே? மத்த நாடுகளுக்குப் பொருந்துமா?

பிறந்த இடம் அங்கேதான், மறைக்க ஒன்றுமில்லை. 1925-ல் சிலியின் சாண்டியாகோவில் லத்தீன் அமெரிக்காவின் முதல் பள்ளி வந்தது. 1936-ல் பம்பாயில் கிளிஃபர்ட் மான்ஷார்ட்டை இயக்குநராகக் கொண்டு டாடா அறக்கட்டளையின் பள்ளி வந்தது. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவின் முயற்சியில் 1952-ல் ஒன்று வந்தது. அதே 1952-ல் சீனா, சோஷலிச நாட்டில் இதற்கு வேலை இல்லை என்று பாடத்தையே நிறுத்தி, 1980-களின் இறுதியில்தான் திரும்பக் கொண்டுவந்தது.

இறக்குமதிப் பாடத்தைப் பற்றிய முணுமுணுப்பும் பழையதுதான். லத்தீன் அமெரிக்காவில் 1960-களில் அது ஒரு இயக்கமாகவே வெடித்தது. நில உடைமையே தலைகீழாக இருக்கும் ஊரில், தனி ஆளைச் சரிசெய்து என்ன பயன் என்று கேட்டார்கள். ஆளைப் பார்ப்பதா, தெருவைப் பார்ப்பதா என்ற அந்தப் பழைய சண்டை வேறு கண்டத்தில் எழுந்த கதை என்று சொல்லலாம். சமூகப்பணிக்கென்று 2014-ல் ஏற்கப்பட்ட உலகளாவிய வரையறையில் அந்தந்த மண்ணின் அறிவுக்கும் இடம் வந்திருக்கிறது.

நல்லதையே சொல்றீங்க. இந்தத் தொழில் கெடுதல் எதுவும் பண்ணதே இல்லையா?

பண்ணியிருக்கிறது, கை கூசும் அளவுக்கு. 1854-லிருந்து 1929 வரை நியூயார்க் போன்ற நகரங்களின் ஆதரவற்ற பிள்ளைகள் சுமார் 2 லட்சம் பேரை ரயிலில் ஏற்றிக் கிராமப்புறப் பண்ணைகளுக்கு அனுப்பினார்கள். பலருக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள். ஆஸ்திரேலியாவில் பழங்குடிப் பிள்ளைகளையும், கனடாவில் 1960-களில் முதல்குடிப் பிள்ளைகளையும் வீட்டிலிருந்து பிரித்ததில் நலத்துறை ஊழியர்களின் கையெழுத்து இருக்கிறது. கனடாவின் சமூகப்பணியாளர் சங்கம் 2019-ல் மன்னிப்புக் கேட்டது.

நாஜி ஜெர்மனியில் இன்னும் கொடுமை. 1933 சட்டத்தின்படி யாருக்குக் கட்டாயக் கருத்தடை செய்வது என்று முடிவெடுக்க நலத்துறைக் கோப்புகள் உதவின. உதவி செய்வதற்காகக் கேட்டு எழுதிய குடும்ப விவரங்கள் அவை. யூத வம்சத்தில் பிறந்த ஆலிஸ் சாலமனை 1937-ல் நாட்டைவிட்டே துரத்தினார்கள். அவர் கட்டியெழுப்பிய தொழில் அங்கே அரசு சொன்னதைச் செய்துகொண்டிருந்தது. கோப்பு என்பது கத்தி மாதிரி என்று புதிதாக வருபவர்களிடம் நான் சொல்வது இதை வைத்துத்தான்.

அப்போ நானும் என் பேருக்குப் பின்னாடி 'சோஷியல் வொர்க்கர்'னு போட்டுக்கலாமா?

நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இங்கிலாந்தில் 2005 ஏப்ரல் 1-லிருந்து பதிவு செய்யாமல் அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டால் குற்றம். அமெரிக்க ஆட்சிப் பகுதிகளில் முதலில் சட்டம் போட்டது போர்ட்டோ ரிக்கோ, 1934-ல். இன்னும் பல நாடுகளில் தடுப்பு எதுவும் இல்லை, யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்கிறார்கள்.

நெறிமுறையும் மெதுவாகத்தான் வந்தது. அமெரிக்காவில் தனித்தனியாக இருந்த ஏழு அமைப்புகள் 1955-ல் ஒரே தேசியச் சங்கமாகின. அதன் முதல் நெறிமுறை 1960-ல் வந்தபோது அதில் 14 உறுதிமொழிகள்தான். பாகுபாடு காட்ட மாட்டேன் என்பது பதினைந்தாவதாகச் சேர்ந்தது 1967-ல். ஏழு வருஷம் அது இல்லாமலே இருந்திருக்கிறது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

கடைசியா ஒண்ணு. என்னைப் பத்தி எழுதின ஃபைலை நான் கேட்டு வாங்க முடியுமா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் சின்ன வயதில் விடுதியில் வளர்ந்தவர். இதற்கும் வரலாறு உண்டு. இங்கிலாந்தில் பிள்ளைப் பருவத்தின் பெரும்பகுதியை அரசுப் பராமரிப்பில் கழித்த ஒருவர், பெரியவனான பிறகு தன் கோப்பைக் கேட்டார். தன்னைச் சரியாக நடத்தவில்லை என்பது அவர் வழக்கு. எழுதியவர்கள் ரகசியம் என்று நம்பி எழுதினார்கள், அவர்கள் சம்மதித்த தாள்களை மட்டும் தருகிறோம் என்றது நிர்வாகம். வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போனது. 1989-ல் வந்த தீர்ப்பு, கோப்பு முழுவதையும் கொடு என்று சொல்லவில்லை. சம்மதம் கிடைக்காத தாள்களைத் தருவதா வேண்டாமா என்று முடிவுசெய்ய நடுநிலையான ஒருவர் இல்லாதது தவறு என்றது. தன் குழந்தைப் பருவத்தைத் தெரிந்துகொள்வது ஒருவரின் வாழ்க்கையோடு சேர்ந்தது என்பதை ஏற்றுக்கொண்டது.

இன்றைக்குப் பல நாடுகளில் எழுத்தில் விண்ணப்பித்தால் கிடைக்கும். மற்றவர்களைப் பற்றிய வரிகளைக் கறுப்பு மையால் மறைத்துக் கொடுப்பார்கள். என்னிடம் கேட்டவரும் விண்ணப்பம் போட்டார், சில மாதங்களில் வந்தது. பாதிப் பக்கங்கள் கறுப்பு. மீதியில் ஒரு இடத்தில், அவருக்கு ஆறு வயதாக இருந்தபோது யாரோ எழுதிய ஒரு வரி: 'பையன் ஜன்னல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான், பேசவில்லை.' அதை எனக்குப் படித்துக் காட்டிவிட்டு, யாருக்காகக் காத்திருந்தேன் என்று அந்த ஆள் கேட்டிருக்கலாமே என்றார்.